சறுக்கலில் ஏறியவள்

கிளப்பில் எனக்கு வழியனுப்பு விழா வைத்து, கேக்கை வெட்டச் சொல்லி, மைக்கைக் கையில் கொடுத்தபோது நான் என்ன பேசினேன் என்று உங்களில் யாருக்கும் நினைவிருக்காது. எனக்கும் இல்லை. நின்ற இடத்தில் நின்று பேச எனக்கு வராது. இரண்டு வாக்கியம் முடிவதற்குள் கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். சின்ன வயதில், "காலாட்டாதட்டி, வீட்டுக்கு ஆகாது" என்று அம்மா தொடையில் தட்டுவாள். முப்பத்தைந்து வயதிலும் தட்ட ஆள் தேவைப்படுகிறது. அதனால்தான் சொல்ல நினைத்ததை எழுதுகிறேன். எழுதும்போது நடுநடுவே எழுந்து நடந்துகொள்ளலாம்.

அணியில் இப்போது தமிழ்ப் பிள்ளைகள் நான்கு பேர் இருக்கிறீர்கள். இது முக்கியமாக உங்களுக்கு. உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்க வராது என்று தெரியும். அம்மாவையோ அப்பாவையோ வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வெயில் ஊரில் இருந்துகொண்டு வாரக் கடைசியில் தங்கள் பிள்ளை எங்கே போய் விழுந்து எழுந்து வருகிறது என்று அவர்களுக்கும் புரியட்டும்.

அவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஸ்லாலம் பந்தயத்தில் பனிச்சரிவு முழுக்கச் சிவப்பும் நீலமுமாகக் கம்பங்கள் நட்டிருக்கும். அவற்றை நாங்கள் கேட் என்போம். ஸ்கீயில் சறுக்கி வருகிறவர் ஒவ்வொரு கேட்டையும் அதற்குரிய பக்கமாக வளைந்து கடந்து கீழே வர வேண்டும். இரண்டு ஓட்டம். இரண்டின் நேரத்தையும் கூட்டினால் யாருக்குக் குறைவோ அவர் ஜெயித்தார். ஒரே ஒரு கேட்டைத் தவறவிட்டாலும் ஆள் ஆட்டத்தில் இல்லை. ஆனால் ஒரு வழி இருக்கிறது. தவறவிட்ட கேட்டுக்கே திரும்ப மேலே ஏறிப்போய், அதைச் சரியாகச் சுற்றிவிட்டு இறங்கி வந்தால் ஓட்டம் செல்லும். கடிகாரம் மட்டும் நமக்காக நிற்காது.

அதோடு ஒரு வழக்கமும் உண்டு. யாராவது ஒரு கேட்டைத் தவறவிட்டால் கீழே நிற்கிறவர்கள் எல்லாரும் "திரும்பு, திரும்பு" என்று கத்துவார்கள். தவறவிட்டவருக்குத் தான் தவறவிட்டதே தெரியாமல் இருக்கலாம், தெரிந்தாலும் மூளை வேலை செய்யாமல் இருக்கலாம். அதனால் அவர் எந்த ஊர், எந்த அணி என்று பார்ப்பதில்லை. மாலுக்குள் இருக்கிற எங்கள் பனிக்கூடத்தில் இங்கிலீஷிலும் அரபியிலும் ஹிந்தியிலும் ஒரே நேரத்தில் கத்துவதைக் கேட்டால் மஸ்கட் ரூவி டாக்ஸி ஸ்டாண்டுக்கு வந்துவிட்டோமோ என்று இருக்கும்.

நான் வளர்ந்தது அபுதாபிப் பக்கம் ருவைஸில். அப்பாவுக்கு அங்கே சுத்திகரிப்பு ஆலையில் ஷிஃப்ட் ஆபரேட்டர் வேலை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஒரு பெருநாள் லீவில், ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களுக்குச் சுற்றிக் காட்ட துபாய்க்குப் போனோம். அங்கே ஒரு மாலுக்குள் இருக்கிற பனிச்சரிவைப் பார்த்துவிட்டு, எல்லாரும் வாடகை ஜாக்கெட்டைப் போட்டு போட்டோ எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். நான் வரவில்லை. உள்ளே ஒரு பெண் கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கிக்கொண்டிருந்தாள். கால் இந்தக் கம்பத்தில், கண் அடுத்த கம்பத்தில், புத்தி அதற்கும் அடுத்த கம்பத்தில். இருக்கிற இடத்தில் இருக்காமல் இருப்பதற்கென்றே ஒரு விளையாட்டு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதன்பிறகு அப்பாவை நான் நிம்மதியாகத் தூங்கவிடவில்லை. ஒவ்வொரு வாரமும் ஷிஃப்ட் முடிந்த கையோடு அவர் என்னை ஏற்றிக்கொண்டு லாரிகளுக்கு நடுவே துபாய்க்கு ஓட்டினார்.

எங்கள் கோச் ஒரு குளிர் நாட்டுக்காரர். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார், கோச் என்றே வைத்துக்கொள்வோம். அவரிடம் நான் வாங்கிய முதல் அடி (அடி என்றால் வாயால்தான்) ஒரு ஆகஸ்ட் மாதத்தில். வழியில் லாரி கவிழ்ந்து ரோடு அடைத்துக்கொண்டதால் அன்று தாமதமாகிவிட்டது. காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவள் மாதிரி பார்க்கிங்கிலிருந்து ஓடினேன். ஸ்கீயைக் கார் டிக்கியிலிருந்து எடுத்த சூட்டோடு கொண்டுபோய் மாட்டினேன், லிஃப்டில் ஏறினேன், தொடங்கும் இடத்தில் நின்றேன், உந்தினேன். உடம்பு மட்டும் போனது. ஸ்கீ வரவில்லை. முகம் பனியில் புதைந்து, கண்ணாடி நெற்றிக்கு ஏறி, பின்னால் வரிசையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள்.

கோச் வந்து என் ஸ்கீயைக் கழற்றி அடிப்பக்கத்தைக் காட்டினார். எண்ணெய் தடவாத தட்டில் இட்லி ஒட்டியது மாதிரி பனி அப்பிக்கொண்டிருந்தது. டிக்கிச் சூட்டில் கொதித்த ஸ்கீ பனியை உருக்கியிருக்கிறது. உருகிய தண்ணீர் மறுபடி உறைந்து அதிலேயே ஒட்டிக்கொண்டது. இந்தத் தப்பை வேறு எந்த நாட்டு ஸ்கீக்காரரும் செய்யமாட்டார். அவர்கள் ஊரில் கார் டிக்கியும் குளிர்தான்.

"இதை ஆறப்போடு. அதுவரைக்கும் நீயும் பக்கத்தில் உட்கார். உன் சூடும் இறங்கட்டும்" என்றார் கோச். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று கேட்டு வளர்ந்தவளை ஆறப்போடச் சொன்னால் எப்படி இருக்கும்? ஸ்கீயைப் பனியில் குத்திவைத்துவிட்டு அதன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் பல்லைக் கடித்துக்கொண்டு செய்த வேலைகளில் அது முதலிடம். இன்று நீங்கள் எல்லாரும் பயிற்சிக்கு முன்னால் ஸ்கீயை நட்டுவிட்டு போன் இல்லாமல் உட்காருகிறீர்களே, "இது என்ன சாங்கியம்" என்று முணுமுணுக்கிறீர்களே, அந்தச் சாங்கியம் என் முகம் பனியில் புதைந்த நாளில் ஆரம்பித்தது.

இப்போது துஷியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

துஷ்யந்தி யாழ்ப்பாணத்துப் பெண். குடும்பம் மஸ்கட்டில், ரூவியில் இருந்தது. அங்கே ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டு, லீவு கிடைக்கும்போதெல்லாம் பஸ் பிடித்து, எல்லை தாண்டி துபாய்க்கு வருவாள். உயரமாக, அமைதியாக, எல்லாவற்றையும் இரண்டு முறை யோசித்துச் செய்கிறவள். பந்தயத்துக்கு முன்னால் கேட்டுகளை மனப்பாடம் செய்ய எல்லாரையும் சரிவில் மெல்ல இறங்கவிடுவார்கள். நான் கீழே வந்து சேரும்போது அவள் இன்னும் பாதி வழியில் நின்று கண்ணை மூடி, கையை இப்படியும் அப்படியும் ஆட்டி வழியை ஒப்பித்துக்கொண்டிருப்பாள். கூடத்தில் என்னோடு தமிழ் பேச அவள் ஒருத்திதான். அதனால் சிநேகிதி. நேரத்தில் எனக்கு மிக அருகில் வருகிறவளும் அவள் ஒருத்திதான். அதனால் சிநேகிதி இல்லை.

ஒரு சீசனில் கிளப் அறிவிப்பு செய்தது. மொத்தப் புள்ளியில் முதல் மூன்று இடத்துக்குள் வருகிற பெண்களைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்வார்கள், விசாவும் அடித்துக் கொடுப்பார்கள். கேட்டதும் எனக்குத் தூக்கம் போனது. அப்பாவுக்கு அந்த வருடத்தோடு ரிட்டயர்மென்ட். அவர் விசா கான்சலானால் அம்மா விசாவும் என் விசாவும் கூடவே போய்விடும். நாங்கள் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். வீட்டில் கார்கோ பெட்டிகள் வந்து இறங்கிவிட்டன. ஒருநாள் அப்பா டேப்பை எடுத்து என் ஸ்கீயையும் பெட்டியையும் மாற்றி மாற்றி அளந்துகொண்டிருந்தார்.

"ஊருல இத வச்சு என்ன செய்யப் போறா? தேங்கா பறிக்கவா?" என்றாள் அம்மா.

அப்பா சிரிக்கவில்லை. டேப்பைச் சுருட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். "ஏளா, ஆபீஸ்ல பேப்பர் குடுத்தாச்சு. ஒனக்கு அங்க விசா அடிச்சுக் குடுத்தாம்னா இரி. இல்லன்னா எங்ககூட வா. எதுன்னாலும் அழப்பிடாது, என்ன?"

அழவில்லை. பால்கனியில் போய் நடந்தேன். நாலு எட்டு வைத்தால் முடிந்துபோகிற பால்கனி.

துஷிக்கும் அதே நெருக்கடிதான், வேறு விதத்தில். அவள் ஆபீஸ் முதலாளிதான் அவளுக்கு கஃபீல், விசாவுக்குப் பொறுப்பாளி. இனிமேல் வாரக் கடைசியில் லீவு கிடையாது, வேலையா விளையாட்டா என்று முடிவு செய் என்று சொல்லிவிட்டார். கிளப் எடுத்துக்கொண்டால் அவள் ஸ்கீ தொடரும். இல்லாவிட்டால் அவளுக்கும் கலாஸ், எல்லாம் முடிந்தது.

கடைசிப் பந்தயத்துக்கு முன்னால் புள்ளிப் பட்டியலில் நான் மூன்றாவது, துஷி நான்காவது. நான் ஓட்டத்தை முடித்துவிட்டால் போதும், கடைசி ஆளாக வந்தாலும் என் இடம் என்னிடமே இருக்கும். முடிக்காமல் வெளியேறினால் எனக்குப் பூஜ்யம், துஷி மேலே போய்விடுவாள். எங்கள் இருவருக்கும் இந்தக் கணக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். அன்று காலை பூட்ஸ் மாட்டும்போது இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மால் திறப்பதற்கு முன்னால் பந்தயத்தை முடித்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. சரிவை ஒட்டிய கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ரெஸ்டாரண்டில் கடைப் பையன்களும் துப்புரவுக்காரர்களும் டீக் கோப்பையோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு என் அப்பாவும் அம்மாவும். அம்மா முந்தானையை வாயில் கடித்துக்கொண்டிருந்தாள். யாரோ சரக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டதில் வெளியிலிருந்த புழுக்கக் காற்று உள்ளே வந்து, சரிவின் அடிப்பகுதியில் மூடுபனி போல ஒரு படலம் நின்றது.

முதல் ஓட்டத்தில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டாவது ஓட்டத்தில் துஷி எனக்கு முன்னால் இறங்கினாள். சுத்தமான ஓட்டம். கீழே கைதட்டுகிற சத்தம் மேலே எனக்குக் கேட்டது.

கோச் என் தோளைப் பிடித்தார். "முடித்தால் போதும். கேட்கிறதா? மெதுவாகப் போ. முடி." தலையாட்டினேன். தலை ஆடியது, உடம்பு கேட்கவில்லை. மெதுவாகப் போவதற்கும் ஒரு திறமை வேண்டும் பிள்ளைகளா, அது என்னிடம் அன்றைக்கு இல்லை. பட்டியைத் திறந்துவிட்ட ஆட்டுக்குட்டி மாதிரி பாய்ந்தேன். பாதி வரைக்கும் எல்லாம் நன்றாக இருந்தது. அடிவாரத்துக்குக் கொஞ்சம் மேலே, முன்னால் போனவர்கள் கிழித்து வைத்திருந்த பள்ளத்தில் ஒரு ஸ்கீ இறங்கியது, இடுப்பு பின்னால் போனது, ஒரு நீலக் கேட் என் வலது பக்கமாகப் போக வேண்டியது இடது பக்கமாகப் போய்விட்டது. குறுக்கே சறுக்கிப்போய் நின்றேன்.

அந்த நேரத்தில் என் தலைக்குள் என்ன ஓடியது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஒன்றுமே ஓடவில்லை. கணக்கு, விசா, அப்பா, எதுவும் இல்லை. "போச்சு" என்று ஒரே ஒரு சொல். கேட்டைத் தவறவிட்டால் ஊன்றுகோலைப் பனியில் ஒரு குத்துக் குத்திவிட்டு ஓரமாக ஒதுங்குவது என் பழக்கம். திரும்பி மேலே ஏறுவது எனக்குக் கட்டோடு பிடிக்காது. பயிற்சியில்கூட ஒருநாளும் ஏறியதில்லை. அன்றும் கோலைத் தூக்கிவிட்டேன். ஸ்கீயின் முனை ஓரத்தைப் பார்த்துத் திரும்பியும்விட்டது.

அப்போது கீழேயிருந்து ஒரு குரல்.

"ஏறடி! கோமதி, ஏறடி! திரும்பி மேல ஏறு!"

மற்றவர்களும் கத்தியிருப்பார்கள். இங்கிலீஷ், அரபி எல்லாம் காதுக்கு வெளியிலேயே நின்றுவிட்டன. இந்த ஒன்று மட்டும் உள்ளே இறங்கியது. கோலைப் பனியில் ஊன்றினேன். பக்கவாட்டில் ஸ்கீயின் விளிம்பைப் பதித்து, நண்டு மாதிரி ஒரு எட்டு, இன்னொரு எட்டு என்று மேலே ஏறினேன். தொடை எரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டீக் கோப்பைகள் அப்படியே நின்றன, சிலர் சிரித்தார்கள். கடிகாரம் ஓடியது. வேகமாக இறங்குவதைத் தவிர வேறு எதையும் கற்காத நான், அந்தச் சின்ன ஏற்றத்தை ஏறி முடிப்பதற்குள் செத்துப் பிழைத்தேன். நீலக் கேட்டைச் சுற்றினேன். மிச்சமிருந்ததை எப்படி இறங்கினேன் என்று தெரியாது. முடிகிற கோட்டைத் தாண்டியபோது போர்டில் வந்த நேரத்தைப் பார்த்து அறிவிப்பாளரே சிரித்துவிட்டார். கடைசி இடம். மொத்தத்தில் மூன்றாவது. என் விசா அங்கே அடிக்கப்பட்டது.

துஷி தடுப்புக்குப் பக்கத்தில் குனிந்து ஸ்கீயைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஏறடி என்று கத்தியது அவள்தான். வேறு யாருக்கு அந்தக் கூடத்தில் தமிழ் தெரியும்? நான் அவளைத் தாண்டி அப்பாவிடம் ஓடினேன். அவளிடம் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், பிறகு பார்த்தால் மஸ்கட் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டிருந்தாள்.

அப்பா கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார். கண் கலங்கியிருந்தது. ஆனால் வாயிலிருந்து முதலில் வந்தது கேள்விதான். "ஏளா, எல்லாவளும் கீழ எறங்குதாளுவ. நீ மட்டும் என்னத்துக்கு மேல ஏறுன?"

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும், கிளப் வரவேற்பறையில் கோப்பைகளாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். வளைகுடாவில் யார் பந்தயம் வைத்தாலும் நான் போனேன், பெரும்பாலும் ஜெயித்தேன். சாம்பியன் என்று கூப்பிட்டார்கள், காது குளிர்ந்தது. உண்மையான மலைக்கு முதன்முறை அனுப்பியபோது மட்டும் அந்தச் சாம்பியன் பாதி வழியில் வெளியேறினாள். ஏன் தெரியுமா? இத்தனை வருடம் கூரையில் வரிசையாக எரியும் விளக்குகளை வைத்தே நான் திசை பிடித்திருக்கிறேன். எனக்கே அது தெரியாது. மலைக்குக் கூரை இல்லை. அண்ணாந்து பார்த்தால் வெறும் வானம். துபாய்க்குத் திரும்பி வந்து கூடத்தின் விளக்குகளைப் பாதி அணைக்கச் சொல்லி ஒரு சீசன் முழுக்கப் பழகினேன். மலைக்குப் போகப்போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

துஷி அந்தப் பந்தயத்துக்குப் பிறகு கூடத்துக்கு வரவே இல்லை. கொஞ்ச காலம் கழித்து ஒரு வேலையாக மஸ்கட் போனபோது ரூவியில் அவள் ஆபீஸைத் தேடிக் கண்டுபிடித்தேன். டிக்கெட் வாங்க நின்ற வரிசையில் நானும் நின்றேன். என் முறை வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். "எங்க போகப் போறாய்?" என்றாள், எல்லாரிடமும் கேட்கிற அதே குரலில். பிறகுதான் சிரித்தாள். அவள் இடைவேளை வரைக்கும் காத்திருந்து, பக்கத்து மலையாளி கடையில் டீ குடித்தோம். அங்கேதான் கேட்டேன். ஏன் கத்தினாய்?

இப்படி ஒரு கேள்விக்கு என்ன பதில் வரும் என்று நான் பஸ்ஸில் யோசித்து வைத்திருந்தேன். விளையாட்டு தர்மம், சிநேகம், அந்த மாதிரி. கண்ணீரோடு கையைப் பிடித்துக்கொள்ளவும் தயாராகத்தான் போனேன்.

"யோசிக்க நேரம் இருந்திருந்தா கத்தியிருக்க மாட்டன்" என்றாள் துஷி. "கேட்டை விட்டவளைக் கண்டா வாய் தானாக் கத்திப்போடும். ஒவ்வொரு கிழமையும் கத்திக் கத்திப் பழகின வாய். பிறகு ஒரு மாதம் என்ர வாயை நானே ஏசிக்கொண்டு திரிஞ்சன்."

டீயை ஆற்றிக்கொண்டே அவள் தொடர்ந்தாள். "அதைவிட, நீ ஏறுவாய் எண்டு ஆர் கண்டது? நீ ஒருநாளும் ஏறினவள் இல்லையே. சும்மா கத்தினா, நீ வழக்கம்போலக் கோலைக் குத்திப்போட்டுப் போவாய் எண்டெல்லோ நினைச்சிருப்பன். நீ ஏறினாய் பார், அதுதான் எனக்கு ஆகலும் கோவம்."

இருவரும் கடைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது சிரிப்பால் வந்ததா என்று நான் கேட்கவில்லை. அவள் ஸ்கீ எங்கே என்று கேட்டேன். கட்டிலுக்குக் கீழே இருக்கிறது என்றாள். இன்றுவரை வாராவாரம் போனில் பேசுகிறோம். பந்தயத்தில் நான் ஜெயித்ததைச் சொன்னால், "ம்" என்பாள். தோற்றதைச் சொன்னால் எந்தக் கேட்டில், எந்தக் கால், பனி எப்படி இருந்தது என்று துருவித் துருவிக் கேட்பாள்.

இனி நாம் பேச வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். என் கடைசிப் பந்தயம்.

முட்டி போய்விட்டது, இனி முடியாது என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. ஊசி போட்டு, பட்டை கட்டி, ஒரே ஒரு தடவை என்று கெஞ்சித்தான் இறங்கினேன். ஜெயிக்க வேண்டும் என்றுகூட இல்லை. நான் ஆரம்பித்த சரிவில், இரண்டு ஓட்டத்தையும் முழுசாக முடித்து, நேரத்தைப் போர்டில் பார்த்துவிட்டு ஸ்கீயைக் கழற்ற வேண்டும். அவ்வளவுதான் ஆசை. ஊரிலிருந்து அப்பா வீடியோ காலில் இருந்தார். நீங்கள் நான்கு பேரும் உங்கள் ஓட்டங்களை முடித்துவிட்டுக் கீழே தடுப்பை ஒட்டி நின்றீர்கள்.

இரண்டாவது ஓட்டத்தில், முடிகிற கோட்டுக்குச் சற்று மேலே, ஒரு சிவப்புக் கம்பம் என் இரண்டு ஸ்கீக்கும் நடுவே போயிருக்கிறது. ஒரு ஸ்கீ சரியான பக்கம், ஒரு ஸ்கீ தப்பான பக்கம். அப்படிப் போனால் அந்தக் கேட் கணக்கில் இல்லை. மரத்துப்போன முட்டிக்கு ஒன்றும் உறைக்கவில்லை. எனக்குத் தெரியாது. ஆனால் உங்களுக்குத் தெரியும். உங்கள் கண் எதிரே நடந்தது. நான் கோட்டைத் தாண்டினேன், போர்டில் எல்லாரையும்விட நல்ல நேரம், இரண்டு கையையும் தூக்கினேன். ஒருவரும் கைதட்டவில்லை. உங்களைப் பார்த்தேன். நான்கு பேரும் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். திரும்பிப் பார்த்தால், ஓரத்தில் உட்கார்ந்திருந்த கேட் நடுவரின் கை உயர்ந்திருந்தது. என் பெயருக்கு எதிரே நேரம் அழிந்து, தகுதியிழந்தவர் என்று வந்தது. இத்தனை வருடத்துக்கு என்னுடைய கடைசி வரி அது.

உடைமாற்றும் அறையில் உங்களை நிற்கவைத்துக் கேட்டேன், நினைவிருக்கும். ஏன் கத்தவில்லை?

"அக்கா, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சோம்" என்றார் ஒருவர். "நீங்க சாம்பியன், உங்களப் போய் எப்டிக்கா கத்துறது? எல்லாரும் பாக்குறாங்க, அசிங்கமா ஆயிடும்ல" என்றார் இன்னொருவர். பெரியவர்களைச் சபையில் திருத்தக் கூடாது என்று வீட்டில் நல்லபடியாக வளர்த்திருக்கிறார்கள். குறை சொல்லவில்லை. இல்லை, பொய் எதற்கு, குறைதான் சொல்கிறேன். எனக்கு அன்றைக்குப் பொல்லாத கோபம், இன்னும் முழுசாகத் தீரவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை கத்தியிருந்தால் நான் நின்றிருப்பேன், ஏறியிருப்பேன், அந்தக் கெட்ட முட்டியோடு நண்டு மாதிரி ஏறி, சுற்றி, கடைசி ஆளாக வந்து முடித்திருப்பேன். எனக்கு வேண்டியிருந்தது அதுதான். மரியாதை கொடுக்கிறோம் என்று அதை எடுத்துக்கொண்டுவிட்டீர்கள்.

உங்களுக்கு என்மேல் பகை இல்லை, என்னை ஜெயித்து ஆகவேண்டியதும் இல்லை. துஷிக்கு இரண்டும் இருந்தன. அவள் வாழ்க்கையே என் தவறில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கத்தினாள். அவள் உங்களைவிட நல்லவள் என்பதால் இல்லை, அவளே அப்படிச் சொல்லவில்லை. வாராவாரம் கத்திப் பழகியிருந்தாள். புத்தி வந்து சேர்வதற்குள் வாய் முந்திக்கொண்டது. நீங்கள் என் எதிரில் கத்திப் பழகவே இல்லை. பயிற்சியில் நான் கேட்டைத் தவறவிட்டபோதெல்லாம் நீங்கள் வேறு பக்கம் பார்த்ததையும், அது எனக்குச் சுகமாகத்தான் இருந்தது என்பதையும் இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.

அன்று சாயங்காலம் துஷிக்குப் போன் செய்தேன். சிவப்புக் கம்பம், முட்டி, உயர்ந்த கை, எல்லாவற்றையும் அறைக்குள் நடந்துகொண்டே சொன்னேன். வழக்கம்போல எந்தக் கால் என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"ஒருத்தரும் கத்தேல்லையோ?" என்றாள்.

இல்லை என்றேன். அந்தப் பக்கம் ஆபீஸின் பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் அங்க நிண்டிருக்க வேணும்" என்றாள்.

அடுத்த சீசனில் நான் சரிவின் ஓரத்தில் கேட் நடுவராக உட்காரப்போகிறேன். உட்கார வராதவளுக்கு உட்காருகிற வேலை. ஓட்டத்தின் நடுவே நடுவர் யாருக்கும் உதவக் கூடாது, கண்டதைக் கண்டபடி குறித்துக் கையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். யாருடைய அப்பா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றாலும் தூக்கத்தான் போகிறேன். ஆனால் கை உயர்வதற்கு முன்னால் ஒரு மூச்சு நேரம் இருக்கும். அது கீழே நிற்கிறவர்களுடையது. ஸ்கீயை ஆறப்போட்டுவிட்டு வந்து தடுப்பை ஒட்டி நில்லுங்கள், தவறவிட்டது யாராக இருந்தாலும் தொண்டை கிழியக் கத்துங்கள். துஷியைப் பந்தயத்துக்கு வரச்சொல்லியிருக்கிறேன், லீவு கேட்டிருக்கிறாள். அவளும் உங்களோடு கீழேதான் நிற்பாள்.